தானாகப் படிக்கிறாள்

பிப்ரவரி 4

மணி அடித்த பிறகு வழக்கம்போல் நாலு பேரையும் அரை மணி நேரம் உட்கார வைத்தேன். மூன்றாம் வகுப்புக்கு வந்தும் எழுத்துக் கூட்டத் திணறுகிற நாலு பேர். நான் ஒரு வரி படிப்பேன், அவர்கள் திருப்பிச் சொல்வார்கள். நாலு மாதமாக இதுதான் முறை. இப்போது பட்டாணி (உருவத்தைப் பார்த்து வகுப்பு வைத்த பெயர்) வாத்துக் கதையைத் தடங்கலே இல்லாமல் படிக்கிறாள். வாசலில் நின்று கேட்ட கணக்கு டீச்சர், "எங்களுக்கும் அந்த மந்திரத்தச் சொல்லிக் குடுங்களேன்" என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

தினமும் வீட்டுக்கு அனுப்பும் அட்டையில் 'தானாகப் படிக்கிறாள்' என்ற கட்டத்தில் டிக் போட்டேன். இருபதாம் தேதி கல்வி அதிகாரி ஆய்வுக்கு வருகிறாராம். வரட்டும்.

பிப்ரவரி 6

எழுதவே கை கூசுகிறது. மின்விசிறிக் காற்றில் இரண்டு தாள் புரண்டுவிட்டது. பட்டாணி கவனிக்கவில்லை. வேறு பக்கத்தில் விரலை ஓட்டிக்கொண்டே வாத்துக் கதையைக் கடைசிவரை ஒப்பித்தாள். அவள் படிக்கவில்லை. என் குரலை மனப்பாடம் செய்திருக்கிறாள்.

நான் என்ன செய்தேன்? சத்தமில்லாமல் தாளைத் திருப்பி வைத்துவிட்டு "சபாஷ்" என்றேன். ஏன்டி அப்படிச் சொன்னாய்? அதிகாரி வர இன்னும் இரண்டு வாரம்தான் இருக்கிறது, அதனால்தான்.

பிப்ரவரி 7

இன்றும் அதே கதை. நானே பக்கத்தை எடுத்துக் கொடுத்தேன். அட்டையில் டிக்.

பிப்ரவரி 20

மானம் கப்பலேறியது. அதுகூடப் பரவாயில்லை.

அதிகாரி நல்ல மனிதர். பட்டாணி வாத்துக் கதையை முடித்ததும் தட்டிக்கொடுத்தார். பிறகு சும்மா அடுத்த பக்கத்தைத் திருப்பி, "இதையும் கொஞ்சம் படிம்மா" என்றார். அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன். அவள் மறுபடியும் முதலிலிருந்து வாத்துக் கதையையே தொடங்கினாள். வகுப்பே சிரித்தது.

அவர் என் பக்கம் திரும்பினார். என் வாயிலிருந்து வந்தது இதுதான்: "வீட்ல யாரும் கவனிக்கிறதில்ல சார்."

அவளை வைத்துக்கொண்டே சொன்னேன். அவள் புத்தகத்தை மூடிவிட்டாள். பாவி, எட்டு வயசுப் பிள்ளை அது.

பிப்ரவரி 21

பட்டாணி வரவில்லை.

பிப்ரவரி 24

அவளுடைய அம்மா வந்திருந்தார். சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறவர். மகள் பள்ளிக்கு வரமாட்டேன் என்று அழுகிறாளாம். தலைமையாசிரியை அவரிடம், பிள்ளையை முதல் வகுப்பில் உட்கார வைத்துவிடலாம் என்று சொல்லிவிட்டார். மூன்றாம் வகுப்புப் பிள்ளை போய்ச் சின்னஞ்சிறுசுகளோடு உட்கார வேண்டுமாம்!

அந்த அம்மா வெளியே வந்து என்னிடம் கோபமே இல்லாமல் பேசினார். "எனக்கு எழுத்து தெரியாது டீச்சர். அவ தினமும் என் பக்கத்துல உக்காந்து படிச்சுக் காட்டுவா. சரியா தப்பான்னு நான் எப்படிக் கண்டுபிடிப்பேன்? நீங்க போட்ட டிக்க நம்பித்தான் கேட்டுட்டு இருந்தேன்."

  

பிப்ரவரி 25

தலைமையாசிரியையிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "தெரிஞ்சேவா டிக் போட்டீங்க?" என்று கேட்டார். இரண்டு வாரம் தெரிந்தே, அதற்கு முன் சோதித்துப் பார்க்காமல் என்றேன். எழுதிக் கொடுக்கச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன்.

மற்ற மூன்று பேரிடமும் புதுப் பக்கம் கொடுத்துப் பார்த்தோம். அதிலும் இரண்டு பேர் மனப்பாடம்தான். மந்திரம் கேட்ட கணக்கு டீச்சர் என்னைப் பார்க்காமல் போனாள். பட்டாணியை இறக்குவதைப் பருவ முடிவு வரை தள்ளி வைத்திருக்கிறார்கள். அதற்குள் அவள் நிஜமாகவே படிக்க வேண்டும். முதலில் பள்ளிக்கு வர வேண்டும்.

பிப்ரவரி 26

சலவைக்கடைக்குப் போனேன். வாடிக்கையாளர்கள் நின்றிருந்தார்கள். போகட்டும் என்று அவர்கள் எதிரிலேயே சொன்னேன்: தப்பு வீட்டில் இல்லை, என்னிடம்தான். அந்த அம்மா சட்டைக் கழுத்தை அழுத்தித் தேய்த்து மடித்து வைத்தார். பிறகுதான் நிமிர்ந்தார்.

"இத எங்கிட்ட ஏன் சொல்றீங்க? அவ உள்ளதான் இருக்கா, அவகிட்ட சொல்லுங்க."

சொன்னேன். துணி மூட்டைமேல் உட்கார்ந்திருந்தவள் தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெரியவர்களிடம் மன்னிப்புக் கேட்பது எவ்வளவு சுலபம்!

மார்ச் 3

வந்தாள். கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். மணி அடித்ததும் வீட்டுக்கு ஓடிவிட்டாள்.

மார்ச் 11

இன்று மணி அடித்த பிறகு அவளாகவே வகுப்பில் தங்கினாள். பழக்கதோஷம், புத்தகத்தைப் பிரித்து நான் வாயைத் திறந்துவிட்டேன்.

"நீங்க படிக்காதீங்க டீச்சர்."

புத்தகத்தை வாங்கிக்கொண்டாள். கண்ணை மூடிக்கொண்டு எங்கேயோ பிரித்தாள். விரல் விழுந்த இடத்தில் எழுத்து எழுத்தாகத் தொடங்கினாள். நெற்றியெல்லாம் வேர்வை. மூன்று வரிக்குப் பதினேழு நிமிடம். சொல்லிக் கொடுத்துவிடாமல் இருக்க நாக்கைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

முடித்துவிட்டு, "சரியா?" என்றாள்.

சரி என்று சொல்லிவிடத்தான் மனசு அடித்துக்கொண்டது. "ஒரு இடத்துல தப்பு" என்றேன். இத்தனை மாதத்தில் அவளிடம் அந்தச் சொல்லை நான் சொன்னதே இல்லை.

அவள் முகம் வாடவில்லை. புத்தகத்தை என் பக்கம் நகர்த்தி, "எங்க, காட்டுங்க" என்றாள்.