மூணாவது வரிசைக்கு வந்த பதில்கள்

என் கிரேஸ் அக்காவுக்கு,

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. ஸ்ரீவில்லிபுத்தூரில், மடவார் வளாகத்து வீட்டில்தான் இன்னும் இருக்கிறோம். அப்பாவுக்கு ஒரு கண்ணில் புரை விழுந்திருக்கிறது. பைபிளை முகத்துக்குக் கிட்டே பிடித்துப் படிக்கிறார். நீ படுத்திருந்த கட்டிலை ஜன்னல் ஓரத்திலிருந்து எடுத்துவிடலாமா என்று கேட்டேன். "கெடக்கட்டும்" என்றார்.

உன்னிடம் ஒரு பொய் சொன்னேன் அக்கா. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். உன்னைத் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள். அதனால் உனக்குத் தெரிந்ததையும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்.

நம் வீட்டில் சினிமா கிடையாது. அப்பா திருச்சபையில் மூப்பர். தியேட்டர் இருக்கும் தெருவைக்கூடச் சுற்றிக்கொண்டுதான் போவார். எண்பதுகளில் நீ ஒன்பதாவது படித்தபோது நான் ஐந்தாவது. பள்ளிக்கூடம் விட்டதும் நூலகத்துக்கு ஓடி, வாரப் பத்திரிகைகளின் விமர்சனப் பக்கத்தை நின்றுகொண்டே படித்து முடிப்பாய். பழைய பேப்பர் கடையில் பாட்டுப் புத்தகம் கிடைத்தால் அன்று உனக்குத் திருவிழா. அதில் கதைச் சுருக்கம் பாதியில் நின்று, மீதியை வெள்ளித்திரையில் காணச் சொல்லும். அந்த மீதியை நீ எனக்குச் சொல்லிக்கொண்டே நடப்பாய். உன் மீதியில் வில்லனுக்கும் ஒரு அம்மா இருப்பாள். அவளுக்குத் தீராத இருமல் இருக்கும்.

உன் வகுப்புப் பெண்கள் நீ எல்லாப் படத்தையும் பார்த்தவள் என்றே நம்பினார்கள். அது ஒருத்தியின் அம்மா வழியாக அப்பாவின் காதுக்குப் போனது.

"படம் பாக்கப் போனியா?" என்று அப்பா கேட்டார்.

"பாக்கலப்பா. படிச்சேன்."

"ரெண்டும் ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டுச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். அடிக்கவில்லை. அடித்திருந்தால் நீ அவ்வளவு அழுதிருக்க மாட்டாய் என்று எனக்குத் தோன்றும்.

பிறகு அப்பா தடுக்க வேண்டிய தேவையே இல்லாமல் போனது. சின்ன வயதில் வந்த வாதக்காய்ச்சல் உன் இதய வால்வைக் கெடுத்துவைத்திருந்தது. நர்சரிப் பள்ளியில் டீச்சராக நான்கு வருடம் ஓடினாய். அதன் பின் படி ஏறினால் மூச்சு வாங்கியது, பிறகு நடந்தாலே வாங்கியது. மதுரையில் பெரிய டாக்டர், ஆபரேஷனை உடம்பு தாங்காது என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகுதான் அந்தக் கட்டில் ஜன்னலுக்கு வந்தது.

எனக்கு ராஜபாளையத்தில் மில் ஆபீசில் கம்ப்யூட்டர் வேலை கிடைத்தது. தொண்ணூறுகளின் கடைசியில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு பிரவுசிங் சென்டர் திறந்தார்கள். போன் லைன் கரகரவென்று கத்தி, ஒருவழியாக இணைப்பு வரும். அங்கேதான் இணையத்தில் அந்தக் குழுவைக் கண்டுபிடித்தேன். சிங்கப்பூர், கனடா, பம்பாய் என்று எங்கெங்கோ இருக்கும் தமிழர்கள் படம் பார்த்துவிட்டு விமர்சனம் எழுதி, ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டிருந்தார்கள். முதல் நாளே பிரிண்ட் எடுத்து உனக்குக் கொண்டுவந்தேன்.

ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழ். படமா பாடமா என்று வரிக்கு வரி நிறுத்திக் கேட்டாய். அவர்கள் படங்களை இனம் இனமாகப் பிரித்துச் சண்டை போடுவது உனக்குப் பிடித்துப் போனது.

"ஏட்டி, திரில்லர்னா என்ன? ஹாரர்னா என்ன? ரெண்டும் பயந்தானே?"

"திரில்லர்னா என்ன நடக்கப் போவுதோன்னு பயம். ஹாரர்னா எதிர்க்க வந்து நிக்கிறதப் பாத்து பயம்."

"அப்போ மதுரையில ரிசல்ட் வாற வரைக்கும் திரில்லர். வந்த பொறவு?"

"குடும்பப் படம்" என்று நீயே சொல்லிச் சிரித்தாய். சிரிப்பு இருமலாகி, நான் முதுகைத் தடவிவிட்டேன்.

அடுத்த வாரம் நீயும், பார்க்காத படங்களுக்கு, விமர்சனம் எழுத ஆரம்பித்தாய். நீ சொல்லச் சொல்ல நான் தாளில் எடுத்துக்கொண்டு போய், சனிக்கிழமை வேலை முடிந்ததும் தட்டச்சு செய்து போடுவேன். புனைபெயர் வேண்டும் என்றதும் 'மூணாவது வரிசை' என்றாய். தியேட்டரில் மூணாவது வரிசையில் உட்கார்ந்தால் கழுத்து வலிக்கும் என்று நம் இரண்டு பேருக்குமே தெரியாது. டொரொண்டோவிலிருந்து ஒரு அம்மா உனக்கு வாராவாரம் எழுதினார். சண்டைப் படத்தில் அடிவாங்குகிறவன் வீட்டைப் பற்றி யோசிக்கிற ஆள் நீ மட்டும்தான் என்று ஒருவர் எழுதியிருந்தார். அந்தத் தாளைத் தலையணைக்கு அடியில் வைத்திருந்தாய்.

ராஜபாளையத்துக்கு ஆட்டோ வைத்துக் கூட்டிப்போகிறேன், ஒரே ஒரு படம் பார்த்துவிட்டு வரலாம் என்று ஒருமுறை கேட்டேன். "வேண்டாம்ட்டி. பாத்துட்டா, நான் நெனச்சது இல்லன்னு தெரிஞ்சுபோயிரும்லா" என்றாய். பயந்தாயா, அப்பாவுக்காகச் சொன்னாயா, இல்லை மூச்சுக்காகவா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

அது நடந்தது நீ எழுத ஆரம்பித்து ஏழு மாதம் கழித்து. ஒரு படத்தில், இடைவேளைக்கு முன்னால் கதாநாயகி மாமியாரின் புடவையை மடித்து வைத்துவிட்டு அழும் காட்சியைப் பற்றி எழுதச் சொன்னாய். சிங்கப்பூர்க்காரர் ஒருவர், மழைநேசன் என்ற பெயரில் எழுதுபவர், பதில் போட்டிருந்தார். அப்படி ஒரு காட்சியே அந்தப் படத்தில் இல்லை, இந்த ஆள் படமே பார்ப்பதில்லை, நான்கு விமர்சனங்களைக் கலக்கி ஐந்தாவது எழுதுகிறார், இது ஏமாற்று வேலை என்று. கீழே இரண்டு பேர் சிரித்திருந்தார்கள்.

என் தோளுக்குப் பின்னால் நின்று சென்டர்க்காரர் அதைப் படித்துவிட்டார். "உங்களையா சொல்லுதாவ?" என்றார். கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு பஸ் ஏறினேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் நீ கையை நீட்டினாய். "பிரிண்ட் எங்கட்டி?"

"யாரும் எழுதலக்கா."

"லைன் கெடைக்கலையோ?"

"கெடச்சது. யாரும் எழுதல."

உன் மனது நோகக் கூடாது என்றுதான் சொன்னேன் என்று எட்டு மாதமாக எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். முழு உண்மை அதுவல்ல. எனக்கு அவமானமாக இருந்தது. களைப்பாகவும் இருந்தது. அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் நான் அங்கே போகவே இல்லை. ஒரு பஸ் முன்னாலேயே வீட்டுக்கு வந்தேன். முன்னாலேயே வர முடிந்தது எனக்கு நிம்மதியாக இருந்தது அக்கா.

வாராவாரம் கேட்டாய். வாராவாரம் அதையே சொன்னேன். "சரி, அவியளுக்கு நம்ம எழுத்து சலிச்சிருக்கும்" என்றாய். கடைசியாக ஒரு நீளமான விமர்சனம் சொன்னாய். மூச்சு விட்டு விட்டு, இரண்டு நாளாகச் சொன்னாய். அதைப் போட்டுவிட்டேன் என்றும் சொன்னேன். அந்தத் தாள் என் கைப்பையை விட்டு வெளியே வரவில்லை. அதற்கு ஒன்பதாம் நாள் மத்தியானம், அப்பா கஞ்சி ஆற்றிக்கொண்டிருக்கும்போது, நீ போய்விட்டாய்.

போன மாதம் ஆபீஸ் வேலையாக ஒரு ஈமெயில் அனுப்ப அதே சென்டருக்குப் போக வேண்டி வந்தது. விரல் தானாகவே அந்தக் குழுவைத் திறந்தது.

மழைநேசனுக்குக் கீழே பத்துப் பதினைந்து பேர் எழுதியிருந்தார்கள். டொரொண்டோ அம்மா எழுதியிருந்தார்: "நான் முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறேன், படம் பார்க்க நேரமில்லை, இவர் எழுதுவதைப் படித்துத்தான் பார்க்கிறேன். இவர் பார்க்காமல் எழுதினால் உங்களுக்கு என்ன நஷ்டம்?" அதற்குக் கீழே மழைநேசனே வந்திருந்தார். "அந்தக் காட்சி படத்தில் இல்லைதான். திரும்பப் போய்ப் பார்த்தேன். அது இல்லாதது படத்தின் குறை. கடுமையாக எழுதிவிட்டேன், மூணாவது வரிசை, தயவுசெய்து திரும்ப வாருங்கள்."

தேதியைப் பார்த்தேன். நான் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு வந்த இரண்டாம் நாள். அதற்குப் பிறகு நீ ஏழு வாரம் உயிரோடு இருந்தாய்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் உன் கட்டிலைப் பார்த்துச் சொன்னார்:

"நீ ஆபீசுக்குப் போன பொறவு எங்கிட்டயும் கேப்பா. 'யாராச்சும் எழுதியிருப்பாவளாப்பா'ன்னு. எனக்கு அது என்னன்னே வெளங்கல. 'எழுதுவாவ, எழுதுவாவ'ன்னு சொல்லி வச்சேன்."

பிறகு கேட்டார்: "அந்தக் கடைசித் தாளு இருக்கா?"

எடுத்துக் காட்டினேன். அவருக்கு என் எழுத்து தெரியவில்லை. நான் வாசித்தேன். ஒரு சினிமா விமர்சனத்தை அப்பா முழுதாகக் கேட்டது அதுதான் முதல் தடவை. முடிந்ததும், "போட்டுரும்மா. அவ பாக்காமத்தான் எழுதினான்னும் போட்டுரு. அதுல அவளுக்கு ஒரு கொறச்சலும் இல்ல" என்றார்.

போன சனிக்கிழமை போட்டுவிட்டேன். ஒரு எழுத்து மாற்றவில்லை. நீ யார், எங்கே படுத்திருந்தாய், எப்போது போனாய், நான் என்ன சொன்னேன் என்று கீழே எழுதினேன். அனுப்பிய உடனே லைன் அறுந்துவிட்டது.

நாளை சனிக்கிழமை. யார் என்ன எழுதியிருந்தாலும் பிரிண்ட் எடுத்துக்கொண்டு நேராகக் கல்லறைத் தோட்டத்துக்கு வருகிறேன். அப்பாவும் வருகிறேன் என்கிறார். ஒரு வரி விடாமல் வாசிக்கிறேன் அக்கா. உன்னைத் திட்டியிருந்தாலும், என்னைத் திட்டியிருந்தாலும்.

உன்னிடம் பொய் சொன்ன,
உன் கூடப் பிறந்த தங்கச்சி
எஸ்தர்