அத்தை வெறுங்கையோடு உட்கார்ந்த கிறிஸ்மஸ்

என் தங்க அம்மாவுக்கு,

அங்கே யாரும் உனக்குப் பழைய சேலை கொடுத்து அவமானப்படுத்தவில்லையே? இங்கே நான் ஒரு காரியம் செய்திருக்கிறேன். கேட்டால் திட்டுவாய். திட்டு, ஆனால் முழுசாகக் கேட்டுவிட்டுத் திட்டு.

அப்பாவின் அக்கா, வரக்காப்பொலயில் கடை வைத்திருக்கும் அத்தை, ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் வான் நிறைய மூட்டைகளோடு நம் ரப்பர் தோட்டத்து லயத்து வரிசை வீட்டுக்கு வருவாளே. வாசலில் வைத்துத்தான் பிரிப்பாள், லயமே பார்க்க வேண்டும். எங்களுக்குப் புதுச்சட்டை. உனக்கு மட்டும் அவள் கட்டிக் கழித்த சேலை. கொடுத்த கையோடு அதைக் கட்டிக்கொண்டுதான் நீ பூசைக்கு வர வேண்டும். பூசை முடிந்ததும் கோயில் வாசலில் நின்று, அது தன் சேலைதான் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வாள்.

ஒரு வருஷம் நீ யட்டியாந்தோட்டைக் கடைவீதியில் நீயே பார்த்து எடுத்த ஊதாச் சேலையைக் கட்டியிருந்தாய். ரப்பர் பால் வெட்டிக் காய்த்துப்போன கையால் அந்த மடிப்பை எத்தனை தரம் நீவினாய்! அத்தை ஒரு பார்வை பார்த்தாள். "இதையா கட்டிகிட்டு வரப்போற? எங்க மானத்த வாங்காத." நீ உள்ளே போய் மாற்றிக்கொண்டு வந்தாய். ஏனம்மா மாற்றினாய்? அப்பா ஏன் வாயைத் திறக்கவில்லை?

நீ போன அன்றைக்கும், பெட்டியில் வைக்குமுன் உனக்குக் கட்ட அவள் சேலையைத்தான் எடுத்துக் கொடுத்தாள். நானும் வாய்மூடி நின்றேன். அந்த ஆத்திரம் இன்றுவரை ஆறவில்லை.

அதனால்தான் இந்த வருஷம் அப்பாவிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். புதுத்துணி கிடையாது, பட்டாசு கிடையாது, கடை கேக் கிடையாது. வருகிறவர்கள் வெறுங்கையோடு வந்து நாம் சாப்பிடுவதைச் சாப்பிட வேண்டும். அத்தைக்கும் ஆள் அனுப்பிச் சொன்னேன். என் பிள்ளைகள் இரண்டும் ஒரு நாள் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்திருந்தன. பிறகு ரப்பர் கொப்புகளை வெட்டி வந்து குடில் கட்டுவதில் எல்லாம் மறந்துபோயின. பாதர் கேள்விப்பட்டு, இதுதான் எளிமையான கிறிஸ்மஸ் என்று பிரசங்கத்திலேயே என்னைப் பாராட்டினார். என் மனதில் இருந்தது அவருக்குத் தெரியாது. உனக்குத் தெரியும்.

சண்டை ஓய்ந்த பிறகு ஆமிக்காரர்கள் வழியில் இறக்கிச் சோதிப்பதில்லை, வான் நேரத்தோடு வந்துவிட்டது. அத்தை சொல்லியும் கேளாமல் மூட்டைகளோடுதான் இறங்கினாள். மூட்டை வானிலேயே இருக்கட்டும் என்றேன். அவள் அப்பாவைப் பார்த்தாள். அப்பா இந்த முறை என் பக்கத்தில் வந்து நின்றார், அம்மா.

பூசைக்கு நாங்கள் எல்லோரும் துவைத்த பழைய துணியில், அவள் மட்டும் பட்டில். கொடுக்க ஒன்றும் இல்லாதபோது அவளுக்குப் பேசவும் ஒன்றும் இல்லை. கோயில் வாசலில் ஒரு பொம்பளைகூட அவளிடம் நின்று பேசவில்லை. எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா?

வீட்டில் எல்லோரும் பாயில் உட்கார்ந்தோம். அவித்த மரவள்ளிக்கிழங்கும், மிளகாய் இடித்த கொச்சிக்காய்ச் சம்பலும். அத்தை முதலில் தட்டைத் தொடவே இல்லை. பிறகு மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டாள். பிள்ளைகளோடு பாட்டுக்கூடப் பாடினாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவளைச் சந்தோஷப்படுத்தவா கூப்பிட்டேன்?

கிளம்பும்போது அடுப்படிக்கு வந்தாள். "கொஞ்சம் கிழங்கு கட்டித் தாயேன், எடுத்துட்டுப் போறேன்" என்றாள், எனக்கு மட்டும் கேட்கும்படி. நம்மிடம் அவள் வாய்விட்டுக் கேட்டது அதுதான் முதல் தடவை. நான் சட்டியைத் திறக்கவில்லை.

"கேக்கல அத்தை. சத்தமா சொல்லுங்க."

வாசலில் லயத்துச் சனம் நின்றது. அத்தையின் முகம் சிவந்துவிட்டது. ஆனாலும் கேட்டாள், எல்லோருக்கும் கேட்கும்படி. கட்டிக் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

பாவம், விட்டுவிடு என்று நீ சொல்வது காதில் விழுகிறது. விடமாட்டேன் அம்மா. அடுத்த கிறிஸ்மஸுக்கும் கூப்பிடுவேன். வெறுங்கையோடு வரவைப்பேன், வயிறாரச் சாப்பிட வைப்பேன், சத்தமாகக் கேட்க வைப்பேன். கிழங்கு கேட்கப் பழகிய அந்த வாய், உன் கல்லறைக்கு முன்னால் நின்று உன்னிடம் மன்னிப்புக் கேட்கும்வரை கூப்பிட்டுக்கொண்டே இருப்பேன்.

உன் வாய்க்கொழுப்புப் பிடித்த மூத்த மகள்