அமலுக்காக நேர்ந்த நூறு கிலோமீட்டர்

செப்டம்பர் 6, சனி. காப்பெல், டெக்சாஸ்.

காலை ஏழு மணிக்கே புழுக்கம். முதுகுப் பையில் பத்து பவுண்டு பொன்னி அரிசி மூட்டை, ஏரியைச் சுற்றி மூன்று ரவுண்டு. பயிற்சியாம். எங்கள் குடும்ப சிநேகிதி ஸ்டெல்லா அக்காவின் ஐடியா. அவர் மட்டும் வெறும் தண்ணீர் பாட்டிலோடு நடந்தார்.

வாங்க வேண்டியது: மழைக்கோட்டு, வாசலின், கம்பளி சாக்ஸ், எலுமிச்சை ஊறுகாய் (சின்னது), உப்புமா பாக்கெட் 6.

ஆஸ்டினிலிருந்து மகள் போன். "அம்மா, யூ டோன்ட் ஓவ் ஹிம் எனிதிங்." கடன் உன் அப்பாவுக்கு இல்லையடி, சந்தியாகப்பருக்கு என்றேன். "தட்ஸ் ஈவன் வியர்டர்" என்று வைத்துவிட்டாள்.

அவளுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. இரண்டு வருடம் முன்பு, டாலஸ் ஆஸ்பத்திரி, இவள் அப்பா அமலுக்கு பைபாஸ். ஐசியூ வாசலில் ஸ்டெல்லா அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏட்டி ரெஜி, சந்தியாகப்பருக்கு நேந்துக்கோ. அவரு கல்லறை ஸ்பெயின்லதான் இருக்கு" என்றார். நேர்ந்தேன். இவரை உயிரோடு கொடுத்தால் நூறு கி.மீ. நடந்து உம் கல்லறைக்கு வருகிறேன்.

பிழைத்தான். (முன்பெல்லாம் இந்த நோட்டில் 'பிழைத்தார்' என்றுதான் எழுதுவேன்.) டாக்டர் தினமும் நடக்கச் சொன்னார், நடந்தான். நடந்த இடத்தில் ஒருத்தியைப் பார்த்தான். பத்தாவது மாதம் அவளோடு ஃப்ரிஸ்கோவுக்குக் குடிபோனான். டிவோர்ஸ் பேப்பர் கூரியரில் வந்தது.

பதினெட்டு வருடமாக சாஃப்ட்வேர் டெஸ்டிங் எனக்குச் சோறு. இவ்வளவு ஓட்டையான ரிக்வயர்மெண்ட் யாராவது எழுதி வந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன். உயிரோடு வேண்டும் என்று கேட்டேன். என்னோடு இருக்க வேண்டும் என்று கேட்கவில்லை. கேட்டது டெலிவரி ஆகிவிட்டது. கம்ப்ளைண்ட் பண்ண இடமில்லை.

செப். 14, ஞாயிறு. ஸ்பெயின். சாரியா – போர்த்தோமரின். 22 கி.மீ.

தூறல். கல் வீடுகள், சாண நாற்றம், நடுத்தெருவில் தூங்கும் நாய். மனுஷர் கண்ணில் படவில்லை. வழியில் கோயில், காப்பிக்கடை எல்லாவற்றிலும் யாத்திரை அட்டைக்கு ஸ்டாம்பு. ஒரு நாளைக்குக் குறைந்தது இரண்டு இருந்தால்தான் கடைசியில் சான்றிதழ்.

கோமதிக்கு இரண்டு போதாது, ஒன்பது வாங்கிவிட்டாள். ஆபீஸில் என் பக்கத்து சீட், கோயம்புத்தூர்க்காரி, எந்தச் சாமியானாலும் கும்பிடுவாள். "நம்ம பழனி பாதயாத்திரை மாதிரியே இருக்குதுங்க்கா. பந்தல்ல மோர் குடுக்கத்தான் ஆளைக் காணோம்."

ஊர் எல்லையில் செங்குத்தாகப் படிக்கட்டு. யார் வைத்தார்களோ, நாசமாய்ப் போக.

செப். 15, திங்கள். பாலாஸ் தெ ரேய். 25 கி.மீ.

இடது குதிகாலில் கொப்புளம். கோமதி ஊசி நூல் கோர்த்து உடைத்துவிட்டாள். தங்கையாகப் பிறந்திருக்கலாம்.

ஸ்டெல்லா அக்கா பையை வேனில் அனுப்பிவிட்டு, பாதி வழியில் தானும் டாக்சி ஏறிவிட்டார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது குளித்து, பவுடர் போட்டு, வாசலில் உட்கார்ந்திருந்தார். "ஸ்டாம்பு இருக்குல்லா, அது போதும்." ஐசியூ வாசலில் என்னை நேரச் சொன்ன அதே வாய்.

இரவுச் சாப்பாடு: சூப். உப்பு இல்லை.

செப். 16, செவ்வாய். ஆர்சுவா. 29 கி.மீ.

மெலிதேவில் மதியம். எல்லாரும் ஆக்டோபஸ், கோமதிக்கு உருளைக்கிழங்கு.

பக்கத்தில் ஒரு கடை. ஸ்டெல்லா அக்கா வட்டமான லேஸ் மேசைவிரிப்பை விரித்து விரித்துப் பார்த்தார். "உங்க டைனிங் டேபிள் நீளமாச்சேக்கா, வட்டம் எதுக்கு?" என்றேன். சும்மாதான் கேட்டேன். முகம் மாறிவிட்டது.

"அமல் புது வீடு வாங்கியிருக்கான். வர்ற ஞாயிறு ஃபாதர் வந்து வீடு மந்திரிப்பு. எங்க வீட்டுக்காரருக்கு அவன் எவ்வளவு சிநேகம்னு உனக்கே தெரியும். போகாம இருக்க முடியாதுல்லா ரெஜி."

கோமதியைப் பார்த்தேன். செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"உனக்கும் தெரியுமா?"

"கூப்புட்டாங்க்கா. நான் போகலீங்க." பை வாரை இறுக்கிக்கொண்டே, "இன்னும் முடிவு பண்ணலீங்க."

எனக்காக நடக்க வந்தவர்கள். மேசைவிரிப்பைப் பேக் பண்ணிக் கொடுத்தாள் கடைக்காரி, ரிப்பன் எல்லாம் கட்டி. மீதி பதினான்கு கி.மீ. அவர்களை விட்டு முன்னால் நடந்தேன்.

செப். 17, புதன். பெத்ரூசோ. 19 கி.மீ.

காலையில் அடைமழை. பையைத் தூக்கிக்கொண்டு நேராக ஆர்சுவா பஸ் ஸ்டாப்புக்குப் போய் உட்கார்ந்தேன். சந்தியாகோ ஏர்போர்ட், டிக்கெட்டை மாற்று, வீடு. அவ்வளவுதான் பிளான்.

நடக்காவிட்டால் என்ன செய்வார் சந்தியாகப்பர்? கொடுத்ததைத் திருப்பி எடுத்துக்கொள்வாரா? எடுத்துக்கொள்ளட்டுமே. வீடு மந்திரிக்கிற அன்றைக்கே எடுத்துக்கொள்ளட்டும்.

எழுதிவிட்டேன். அடித்துத் திருத்தப் போவதில்லை.

ஸ்டெல்லா அக்கா குடையோடு ஓடிவந்தார். "நேர்ச்சையைப் பாதியில விடாத ரெஜி. அவனுக்கு ஏதாவது ஆயிரும்."

"ஆகட்டும்."

நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். பயந்தது அவனுக்காக. என் காலில் ரத்தம் சாக்ஸைத் தாண்டி வந்திருந்தது, அதைப் பார்க்கவில்லை.

பஸ் வந்தது. கதவு திறந்தது. டிரைவர் ஏதோ கேட்டார். ஏறவில்லை.

நல்ல மனசு எல்லாம் இல்லை. ஏறிப் போயிருந்தால், இனி அவனுக்கு ஒரு நெஞ்சுவலி வந்தாலும் நான்தான் காரணம். சாகிறவரை அவன் உடம்பை நினைத்துக்கொண்டே இருக்க வேண்டும். இருபத்திரண்டு வருடம் அந்த வேலை பார்த்தது போதும். முடித்துத் தொலைத்தால்தான் விடுதலை.

தனியாக நடந்தேன். யூகலிப்டஸ் காடு. அழுதேன், சத்தமாக. மழையில் யாருக்கும் கேட்டிருக்காது.

செப். 18, வியாழன். சந்தியாகோ. 20 கி.மீ.

வெயில். சந்தியாகப்பர் கல்லறை இருக்கிற கோவில் முன்னால் பெரிய முற்றம். ஆளாளுக்குக் கட்டிப்பிடித்து அழுகை. ஸ்டெல்லா அக்கா என்னையும் கட்டிப்பிடித்தார். நின்றேன், கையைத் தூக்கவில்லை.

பலிபீடத்துக்குப் பின்னால் குறுகலான படி. ஏறிப்போய் சந்தியாகப்பர் சிலையைப் பின்னாலிருந்து கட்டிக்கொண்டு வேண்டிக்கொள்வது இங்கே வழக்கம். பெரிய கியூ. எனக்கு முன்னால் ஸ்டெல்லா அக்கா, நீளமாக ஏதோ முணுமுணுத்தார். காவலாள் கையைக் காட்டிய பிறகுதான் நகர்ந்தார்.

என் முறை. சிலையின் முதுகு சில்லென்று இருந்தது. "வந்துட்டேன்" என்றேன். இறங்கிவிட்டேன்.

வெளியே கோமதி, கண் சிவந்து. "ஞாயித்துக்கிழமை நான் போகலீங்க்கா. முடிவு பண்ணிட்டேன்."

"போ, போகாம இரு. உன் இஷ்டம்."

"உள்ள என்னங்க்கா வேண்டுனீங்க?"

"ஒண்ணும் வேண்டல."

அவள் நம்பவில்லை. உண்மை அதுதான். இரண்டு வேண்டுதல் நாக்கு நுனி வரைக்கும் வந்தன. ஒன்று, அவன் திரும்பி வர வேண்டும். இன்னொன்று, அவன் செத்துப்போக வேண்டும். எதைக் கேட்டாலும் கொடுத்துவிடுவாரே.