ரேகை போச்சு

என் உயிர் மச்சான் கபீருக்கு,

நயா பைசா புதிதாக வந்து, சந்தையில் எல்லோரும் அணாவுக்கும் அதற்கும் குழம்பித் திரிந்த வருஷம் அது. ஆம்பூர் டேனரியில் நீயும் நானும் சுண்ணாம்புக் குழியிலிருந்து தோல் இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தோம். நான் சொல்லச் சொல்ல என் மகள் எழுதுகிறாள். எனக்கு எழுத்து வராது என்பது உனக்குத் தெரியாததா?

அந்தியை நீ மக்ரிப் என்பாய். என் வீட்டில் அது விளக்கு வைக்கிற நேரம். குழிக்கரையில் இரண்டும் செல்லாது. முறை வைத்து ஒருத்தன் உள்ளங்கையை விரித்துப் பார்ப்பான். ரேகை தெரிகிறவரை வேலை. தெரியாவிட்டால் “ரேகை போச்சு” என்று கத்துவான். எல்லோரும் தோல் இழுக்கிற இடுக்கியைக் கீழே போட்டுவிடுவோம்.

அன்று என் முறை. குழியில் இன்னும் நாலு தோல். மறுநாள் ஆலங்காயத்தில் எனக்குப் பெண் பார்க்கப் போகவேண்டும். குழி காலியானால்தான் லீவு என்று மேஸ்திரி சொல்லியிருந்தார்.

“இன்னா மச்சான், ரேகை இருக்குதா?” என்று கேட்டாய்.

“நல்லா இருக்குது. இழு.”

“பொண்ணு பாக்கப் போற ஜோர்ல உனக்கு நடுராத்திரியிலயும் தெரியும்டா” என்று சிரித்தபடியே இழுத்தாய்.

இடுக்கி சரியாகப் பிடிக்கவில்லை. வெளிச்சம் இருந்திருந்தால் பார்த்திருப்பாய். தோல் நழுவி விழுந்து, சுண்ணாம்புத் தண்ணீர் உன் முகத்தில் அடித்தது. குடம் குடமாக ஊற்றிக் கழுவினோம். வலது கண் திரும்பி வரவேயில்லை.

என் கையில் அன்று ரேகை தெரியவில்லை, கபீரு.

அதற்கப்புறம் தினமும் பொழுது சாயும்போது உன் கையை என் முகத்துக்கு நேரே நீட்டுவாய். “பாத்துச் சொல்றா, எனக்கு ஒத்தக் கண்ணு.” விளையாட்டா? தெரிந்துதான் கேட்டாயா? நான் வெயில் இருக்கும்போதே “போச்சு” என்பேன். மேஸ்திரியிடம் திட்டு வாங்குவேன்.

இப்போது அங்கே ராத்திரி பகலாக டியூப்லைட். அந்தி வருவதே யாருக்கும் தெரிவதில்லை. எனக்குத்தான் அந்த நேரமானால் கால் ஓரிடத்தில் நிற்பதில்லை. வாசலுக்கும் தெருமுனைக்கும் நடக்கிறேன். கையை விரிக்கிறேன், மூடுகிறேன்.

ஆலங்காயத்தில் பார்த்து நிச்சயமான பெண் பெற்ற மகள்தான் இதை எழுதுகிறாள். சற்றுமுன் பேனாவை வைத்துவிட்டு, “இத்த யாருகிட்டயாவது சொன்னியா நைனா?” என்றாள். அவள் அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. அந்த அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

மேஸ்திரி போய்விட்டார். குழிக்கரையில் நின்றவர்கள் எல்லோரும் போய்விட்டார்கள், கடைசியில் நீயும். நாளைக்கு வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சொல்லிவிடுகிறேன், மச்சான். சத்தியமாக. இதைக் கேட்க வேண்டியவர்களில் மிச்சம் இருப்பது ஒரே ஆள்: இன்றைக்கும் என்னை அண்ணே என்று கூப்பிடுகிற உன் வீட்டுக்காரி, மெஹருன்னிசா.

உன் மச்சான்,
முனுசாமி