ஒரே தேதியிட்ட இரண்டு கடிதங்கள்

சிதம்பரம்
14-11-1968

அன்புள்ள பூவராகனுக்கு அம்மா எழுதுவது. ஆஸ்திரேலியாவில் நீ சௌக்கியம் என்பது உன் கையெழுத்திலேயே தெரிகிறது. இங்கே நான் சௌக்கியம். அப்பாவுக்கு வலது கை இன்னும் எழவில்லை, பார்வையும் மங்கல், பேச்சு மட்டும் கொஞ்சம் தெளிந்திருக்கிறது.

உன் வேலையைப் பற்றி விளக்கமாக எழுதியிருந்தாய். வானத்திலிருந்து வரும் ரேடியோத் துடிப்பு கண் இமைக்கும் நேரம்கூட நிற்பதில்லை, ஒரே ஏரியலில் கேட்டால் ஏதோ வந்தது என்பதோடு சரி, தள்ளித் தள்ளி நட்ட ஏரியல்களில் அது வந்து சேரும் நேர வித்தியாசத்தைக் கணக்கிட்டால்தான் எந்த இடத்திலிருந்து வந்தது என்று குறிக்க முடியும் என்று. பள்ளிக்கூடத்தில் பௌதிகம் நடத்துகிறவளுக்கு இது புரியாமல் இல்லை. வகுப்பில்கூடச் சொன்னேன், கொஞ்சம் பெருமையாகத்தான்.

ஞாயிற்றுக்கிழமை கடலூரிலிருந்து உன் அத்தை வேலம்மாள் வந்தாள், நெத்திலிக் கருவாடும் நீ அவளுக்கு எழுதிய கடிதமுமாக. அவளுக்குப் படித்துக் காட்டும் பக்கத்து வீட்டுப் பச்சமுத்துவின் மகள் கல்யாணமாகிக் குறிஞ்சிப்பாடிக்குப் போய்விட்டாள், அது உனக்குத் தெரியாது. அண்ணி, புள்ள என்னா எழுதிருக்கான், கொஞ்சம் படிங்க என்று என்னிடமே நீட்டினாள். எனக்கு எழுதியதும் அவளுக்கு எழுதியதும் ஒரே தேதி. எனக்கு, தை மாதம் வந்துவிடுவேன் என்று. அவளுக்கு, இங்கேயே வேலைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன், ஐந்து வருஷத்துக்கு வர முடியாது, அம்மாவிடம் பதமாகச் சொல்லுங்கள் என்று. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நீ எங்கே நிற்கிறாய் என்று தெரிந்துவிட்டது. உங்கள் ஏரியல் முறை நன்றாகவே வேலை செய்கிறது. இரண்டையும் அவளுக்கு ஒரு வரி விடாமல் படித்துக் காட்டினேன். நீ திரும்பி வந்தால் திருவந்திபுரத்தில் முடி இறக்குவதாக வேண்டிக்கொண்டவள் அவள். பெத்தவங்ககிட்ட பொய்யி, எங்கிட்ட நெசமா, எனக்கு எதுக்கு அண்ணி இந்தப் பாரம் என்று கேட்டுவிட்டுச் சாப்பிடாமலே பஸ் ஏறினாள்.

நீ வராததில் எனக்குக் கோபமில்லை. இங்கே உனக்கு அப்படிப்பட்ட வேலை எங்கே இருக்கிறது. என்னிடம் நேரே சொல்ல முடியாது என்று நினைத்தாயே, அதுதான் கசக்கிறது. தபால்காரர் வரும் நேரத்துக்கு அப்பா நாற்காலியை வாசல் பக்கம் திருப்பச் சொல்கிறார். தைக்கு வரான்ல? என்று தினமும் என்னைத்தான் கேட்கிறார். உன் கடிதத்தை அவருக்குப் படித்தவள் நான், ஆகவே நான் சொன்ன பொய்யாக அது ஆகிவிட்டது.

வெயிலில் ஏரியல் கம்பி பார்க்கப் போகும்போது தலைக்கு ஏதாவது போட்டுக்கொள். எங்கள் இருவர் ஆசியும் உனக்கு எப்போதும் உண்டு. அடுத்த கடிதத்தை அப்பா பேருக்குப் போடு. உள்ளதை எழுது. அதையும் நான்தான் படித்துக் காட்டுவேன்.

உன் அம்மா,
ந. அமராவதி