என் செய்திக்கு முந்தின வரி

உன் வானொலி நோட்டை உன் சம்சாரம் போன வாரம் கொடுத்தனுப்பினார். விரித்ததும் லாரி பேட்டரி நெடி குப்பென்று வந்தது. முதல் வேலையாக அந்த வெள்ளத்து நாளைத்தான் தேடினேன். நீ செத்த பிறகும் உன்மேல் சந்தேகம் போகவில்லை, பார்த்தாயா?

பக்கத்து டவுன் சுவாவிலிருந்து நம் தோட்டத்துக்கு வரும் ரோடு முழுகிப்போய், போன் கோபுரமும் படுத்துவிட்டது. என் வீட்டுக்காரி சரசு போர்ட்டிக்சன் ஆஸ்பத்திரியில், பித்தப்பை ஆப்பரேஷன் முடிந்து கிடந்தாள். நீ தோட்டத்து மண்டபத்தில், செம்பனை மரத்தில் கம்பி கட்டி, பொழுதுபோக்குக்கு வைத்திருந்த, கேட்கவும் பேசவும் கூடிய வானொலியை லாரி பேட்டரியில் ஓட்டினாய். ஆஸ்பத்திரி வாசலில் உன் வானொலிக் கூட்டாளி. வரும் செய்தியை எழுதி, அவனுக்கே திரும்ப வாசித்துச் சரிபார்த்த பிறகுதான் எங்களிடம் சொல்வாய். "ஒரு சொல் கூட்டமாட்டேன், குறைக்கமாட்டேன்" என்பாய்.

என் முறை வந்தபோது உன் முகம் பேயறைந்தது போல இருந்தது. "நல்லா இருக்கேன், கஞ்சி குடிச்சேன்" என்று சரசு சொன்னதாக வாசித்தாய். நோட்டைக் கையால் மறைத்துக்கொண்டாய். சரசு போய்விட்டாள், இவன் மழுப்புகிறான் என்றே முடிவு கட்டினேன். நோட்டைக் காட்டச் சொன்னேன். நீ காட்டவில்லை. சட்டையைப் பிடித்து உலுக்கினேன், பொத்தான் அறுந்தது.

நீ கோபப்படவில்லை. அவளுக்கு மட்டுமே தெரிந்த ஏதாவது கேள் என்றாய். சர்க்கரை வியாதிக்காரன் என் கண்ணில் படாமல் அதிரச டப்பாவை எங்கே ஒளித்து வைத்தாள் என்று கேட்கச் சொன்னேன். அந்த மாதிரி வானொலி வைத்திருப்பவன் எவனும் ஒட்டுக் கேட்கலாம் என்பது இந்த மடையனுக்கு உறைக்கவில்லை. வந்த பதிலை நீ சொல்லுக்குச் சொல் உரக்க வாசித்தாய்:

"இனிப்புநீர வச்சிக்கிட்டு அதிரசம் கேக்குதா? சொல்லமாட்டேன்லா. வீட்டுக்கு வந்து வச்சிக்கிறேன்."

சரசுவேதான். மண்டபமே சிரித்தது, நீயும் சிரித்தாய். நான் அழுதுவிட்டேன்.

ஆனாலும் நோட்டை ஏன் மறைத்தாய் என்பது இத்தனை வருஷமாக என்னை அரித்தது. கெமாஸில் இருந்த உன் அண்ணன் இறந்த சேதி தண்ணீர் வடிந்த பிறகுதான் உனக்கே தெரிந்தது என்றாய். நாங்களும் நம்பினோம்.

இப்போது பார்க்கிறேன். என் செய்திக்கு மேல்வரி: "எனக்கு. கெமாஸ் அண்ணன் காலமானார்." என் செய்திக்குப் பத்து நிமிஷம் முந்தி வந்தது. என் செய்திக்குக் கீழே இன்னும் பதினான்கு பேருடையது, அதே முத்து முத்தான எழுத்தில்.

நீ மறைத்தாய் என்று நான் நினைத்தது சரிதான். என் வீட்டுச் சாவை மறைத்தாய் என்று நினைத்ததுதான் தப்பு.

அறுந்த பொத்தான் அன்றைக்கு என் கையோடு வந்துவிட்டது. திருப்பித் தர வெட்கமாக இருந்தது. இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.