பாடம் இல்லாத பத்து நாள்

அன்பு மகள் ஷண்முகப்ரியாவுக்கு, மந்தைவெளியிலிருந்து அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம், வெயிலைத் தவிர குறையில்லை. ஹாலிஃபாக்ஸில் நீயும் மாப்பிள்ளையும் நல்லபடியாக இருக்கிறீர்கள்தானே? சுகம் என்று எழுதிவிட்டேனே தவிர வயிறு எரிகிறது பிரியா, உன்னிடம் கொட்டாவிட்டால் மண்டை வெடித்துவிடும்.

பள்ளி திறக்குமுன் பத்து நாள் பிள்ளைகள் இல்லாமல் ஆசிரியர்கள் மட்டும் போவோமே, உனக்குத் தெரியும். இந்த வருஷம் பத்தாம் வகுப்பில் ஜானு என்கிற பெண் கணக்கில் ஆறு மார்க் குறைந்து ஃபெயிலாகிவிட்டாள். ஜூலையில் மறுபரீட்சை, அதிலும் தேறாவிட்டால் தி.நகர் ஜவுளிக்கடையில் வேலைக்குச் சேர்த்துவிடுவதாக அவள் அம்மா சொல்லிவிட்டாள். அந்தப் பத்து நாளும் வந்து உட்கார், சொல்லித்தருகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். முதல் நாளே எங்கள் தாளாளர், வகுப்பறைப் பக்கமே தலைவைத்துப் படுக்காத மனுஷன், எல்லாரும் ஒரே நிறச் சேலையில் வீடு வீடாகப் போய் அட்மிஷன் நோட்டீஸ் கொடுங்கள், ஆளுக்கு ஐந்து பிள்ளை பிடித்தாக வேண்டும் என்றார். பிள்ளை பிடிக்கிறவளா நான்? இருபத்தாறு வருஷம் சாக்பீஸ் தூள் தின்றவளை ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா? ஜானுவைப் பற்றிச் சொன்னதற்கு, சம்பளம் கொடுக்கிற நாளில் என்ன வேலை என்று நான்தான் முடிவு செய்வேன், ஃபெயிலான பிள்ளையால் பள்ளிக்கு என்ன லாபம் என்கிறார். அப்பாவோ, ரிட்டயராக ஒரு வருஷம்தான் இருக்கிறது, வாயைக் கட்டு என்கிறார்.

கட்டிக்கொண்டுதான் போனேன். ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு சந்தில் வரிசையாகத் தட்டிக்கொண்டே போனால் நாலாவது வீட்டுக் கதவைத் திறந்தவள் ஜானு. என் கையிலிருந்த நோட்டீஸ் கட்டை அவள் பார்க்கவே இல்லை. "வாட்ச்மேன் உள்ள வுடலன்னு தெரிஞ்சு நீங்களே வந்துட்டீங்களா மிஸ்?" என்று கணக்குப் புத்தகத்தை எடுக்க ஓடினாள். என் வாக்கை நம்பிப் பள்ளி வாசல்வரை வந்து திரும்பியிருக்கிறாள், எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அந்த நோட்டீஸ்களின் பின்பக்கத்திலேயே மத்தியானம் வரை கணக்குப் போட்டோம்.

மறுநாள் எத்தனை பிள்ளை பிடித்தீர்கள் என்று கேட்டார்கள், உள்ளதைச் சொன்னேன். உடனே மெமோ. யார் அனுமதியோடு பாடம் நடத்தினீர்கள் என்று ஒரு ஆசிரியையைப் பார்த்துக் கேட்கிறார்கள், இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்ல. வருந்துகிறேன் என்று எழுதிக்கொடுத்தால் விட்டுவிடுவார்களாம். நடத்தினேன், இனியும் நடத்துவேன் என்று எழுதிவைத்திருக்கிறேன், திங்கட்கிழமை கொடுக்கப்போகிறேன். பயமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் கொடுப்பேன்.

நீ வெறும் வயிற்றோடு வேலைக்கு ஓடாதே. முருகன் துணையில் இரண்டு பேரும் நோய்நொடியில்லாமல் நிறைந்து வாழுங்கள். ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள், நம்மூர் நேரத்துக்குக் காலை ஆறிலிருந்து எட்டு வரை போன் பண்ணாதே, வீட்டுக்கு ஜானு வருகிறாள்.

உன் பிடிவாதக்கார அம்மா,
தங்கம்